அப்பா அணைத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் அதைத் தோட்டத்துப் போர்வெல் மோட்டாராக நினைத்து வைத்தியம் பார்ப்பது அப்பாவின் வழக்கம். மிக்ஸி நின்றால் லோடு தாங்கவில்லை என்பார். டி.வி.யில் படம் வராவிட்டால் உள்ளே காற்று பிடித்திருக்கிறது என்பார். ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த அவருக்கு உலகத்தில் உள்ள இயந்திரம் எல்லாம் ஒரே இயந்திரம்தான். அது தண்ணீர் தர வேண்டும். தராவிட்டால் உடனே அணைக்க வேண்டும். இந்தக் கொள்கையால் வீட்டில் பெரிய சேதம் எதுவும் நேர்ந்ததில்லை, அத்தையின் கம்ப்யூட்டர் வரும் வரையில்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கூடலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகும் முன் வந்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று என்னிடம் சொன்னார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் திறந்தது, காலாண்டுப் பரீட்சையும் வந்தது; அத்தையின் லீவு மட்டும் முடியவில்லை. இப்படி ஒரு லீவு எனக்குக் கிடைக்கவில்லையே என்று பொறாமையாக இருந்ததே தவிர, வேறு சந்தேகம் வரவில்லை. மாமா குடிப்பார், குடித்தால் கை நீட்டுவார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

கல்யாணத்துக்கு முன்னால் அத்தை உத்தமபாளையத்தில், கம்ப்யூட்டரில் பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கிற டி.டி.பி. படித்திருந்தாள். அதைச் சொல்லிக் கம்பம் டவுனில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வேலை கேட்டாள். கடைக்கார அண்ணாச்சி பட்டும் படாமல் பேசிவிட்டு, கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்து, வீட்டிலிருந்தே ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸைச் செய்து காட்டச் சொன்னார். நன்றாக வந்தால் தொடர்ந்து வேலை உண்டு. சொதப்பினால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் பக்கம் காதணி விழா ஃப்ளெக்ஸ் என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. காது குத்திக்கொள்ளப் போகிற குழந்தை ஏதாவது ஒரு மூலையில் ரோஜாப்பூவுக்குள் உட்கார்ந்திருக்கும். மீதி இடம் பூராவும் சொந்தக்காரர்கள். தாய்மாமன்கள் மேலே பெரிய தலைகளாக வர வேண்டும். பங்காளிகள் கீழே வரிசை கட்டி நிற்க வேண்டும். எவருடைய தலை பக்கத்துத் தலையைவிட ஒரு விரல்கடை சிறுத்துவிடுகிறதோ அவர் மண்டபத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போய்விடுவார். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்களை அடுத்தடுத்துப் போட்டுவிடக் கூடாது. கடையில் இருந்த பையன்களுக்கு எழுத்தை மினுமினுக்க வைக்கத் தெரியும், இந்த அரசியல் தெரியாது. அத்தைக்குத் தெரியும். அவள் போட்டோக்களைத் திரையில் நகர்த்தி நகர்த்தி வைப்பதைப் பார்க்கப் பந்திக்கு ஆள் உட்கார வைப்பது போலவே இருக்கும்.

நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் விழா. அன்று சாயங்காலத்துக்குள் ஃப்ளெக்ஸ் அச்சுக்குப் போயாக வேண்டும். போதாக்குறைக்கு அன்றைக்கு மத்தியானமே மாமாவின் அண்ணன், ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு, அத்தையை அழைத்துப் போகப் பேச வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு வேலை இருக்கிறது, நான் வரவில்லை என்று சொல்லிக்கொள்ள அத்தையிடம் இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். இது வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது, அந்தப் பெட்டிக்குள் ஒரு சீட்டாட்டம் இருக்கிறது, அத்தை வேலை முடித்தால் அதை விளையாடத் தருவாள் என்பது.

காலையில் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. ஒரு சின்னத் தாய்மாமனின் போட்டோ மட்டும் வந்து சேரவில்லை. அதை வாங்கிவர அத்தை விழா வீட்டுக்குக் கிளம்பினாள். கிளம்பும் நேரத்தில் கம்ப்யூட்டர், கடையில் நெட் இருந்தபோது இறக்கி வைத்திருந்த அப்டேட்டை வைத்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போவதாக ஒரு சேதி காட்டியது. நாம் திரும்பி வருவதற்குள் முடித்துவிடும் என்று அத்தை அதற்குச் சம்மதம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு அப்பா வந்தார். திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே முப்பது சதவீதம் என்று ஓர் எண். அப்பா கை கால் கழுவி வந்தார், முப்பது. மோர் குடித்தார், முப்பது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தார், அப்போதும் முப்பது. கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பதை நான் வாசித்துச் சொன்னேன். என் ஆங்கிலத்தின் மேல் அப்பாவுக்கு மரியாதை உண்டு, ஆனால் மோட்டார் விஷயத்தில் அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார்.

"அது அப்படித்தான் போடும். வெறும் ஓட்டம் ஓடுது பாத்தியா? இன்னுங் கொஞ்சம் விட்டா உள்ள காயில் கம்பி கருகிரும்."

முந்தின கோடையில் எங்கள் போர்வெல்லில் தண்ணீர் இறங்கியதைக் கவனிக்காமல் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிப்போயிருந்தது. மோட்டாரைக் கழற்றிப் புதுக் காயில் கட்டி வாங்கிவருவதற்குள் திராட்சைப் பந்தலில் ஒரு பக்கம் கொடி வாடிவிட்டது. அந்தக் காயம் அப்பாவுக்கு ஆறவில்லை. தங்கச்சியின் பெட்டிக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்று சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினார். பிறகு பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, நல்லவேளை சூடு ஏறவில்லை என்று என்னிடம் சொன்னார்.

அத்தை போட்டோவோடு திரும்பி வந்து பிளக்கைச் செருகினாள். கம்பெனிப் பெயர் வந்தது. புள்ளிகள் ஒரு சுற்று சுற்றின. அப்புறம் கறுப்பு. மறுபடி போட்டாள், மறுபடியும் கறுப்பு. அப்பா தான் செய்த உபகாரத்தை விளக்கினார். அத்தை அவரையே பார்த்தாள்.

"அண்ணே, நீங்களா அமத்துனீக?"

"கருகிறப்படாதுன்னுதான் ஆத்தா."

அத்தை கத்தியிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தரையில் உட்கார்ந்து, பெட்டிக்குப் பின்னால் இருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். பிரிண்டர், பென் டிரைவ், மவுஸ் என்று கீபோர்டைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தாள். பலிக்கவில்லை. அப்பா டெஸ்டரை எடுத்துவந்து கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். கரண்ட் தாராளமாக வந்தது. அதற்கு மேல் செய்வதற்கு அவருடைய வைத்தியத்தில் ஒன்றும் இல்லை. முகம் சுருங்கிப்போய்ச் சுவரோரம் நின்றார். சமையல்கட்டில் அம்மா வரப்போகிறவர்களுக்காகக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் வைக்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. அம்மா அத்தையின் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நாத்தனார் மாதக்கணக்கில் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் பிடிக்கும் என்று தெருவில் பேசிக்கொண்டதை நானும் கேட்டிருந்தேன்.

குமுளிக்கு ஜீப் ஓட்டும் சித்தப்பா அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார். ஜீப்பாக இருந்தால் நாலு பேர் தள்ளிப் பார்க்கலாம் என்று சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் நெட் வருகிற போன் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு அத்தை மாடிக்குப் போனாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நிற்கும். உச்சி வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, உதடு அசைய அசைய வாசித்தாள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்களுக்கும் இதே கறுப்புத் திரை வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. சீட்டாட்டம் அழிந்துவிடுமா என்று கேட்டேன். எதுவும் அழியாது என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். வாசலில் அதற்குள் ஒரு கார் வந்து நின்றிருந்தது.

மாமாவின் அண்ணன் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக வந்திருந்தார். கூட வந்த பெரியவர் அதிகம் பேசாதவர். இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். சித்தப்பா அவர்களுடன் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே அத்தை அப்பாவைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னாள். பெட்டியின் முன்னால் இருந்த பொத்தான் எப்போதோ செத்துப்போனது, சுவர் சுவிட்சைப் போட்டாலே ஓடும்படி கடையில் செய்து வைத்திருந்தார்கள். கம்பெனிப் பெயர் வந்து புள்ளிகள் சுற்றும்போது அணைக்க வேண்டும். திரும்பப் போட்டு, திரும்ப அணைக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால், தனக்கு ஏதோ கோளாறு என்று அதுவே புரிந்துகொண்டு ரிப்பேர் பார்க்கிற திரைக்குப் போகும். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன் ஆத்தா. ஒருக்கா தொட்டதே போதும்."

"எனக்கு ஸ்கிரீனப் பாக்கணும் அண்ணே, சுவிட்சு அங்கன இருக்கு. நான் சொல்றப்ப அமத்துங்க. நீங்க அமத்தினாத்தான் சரியாகும்."

அப்பா சுவிட்சில் கை வைத்தார். காலையில் அவ்வளவு துணிச்சலாக அணைத்தவர், இப்போது அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை 'இப்ப' என்றாள், அணைத்தார். 'போடுங்க' என்றாள், போட்டார். மறுபடியும் அணைத்தார். மாமாவின் அண்ணனுக்குப் பொறுமை போய், காபி டம்ளரோடு எழுந்து உள்ளே வந்தார். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற அப்பாவையும் கறுப்புத் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓடாத பொட்டிய வச்சுக்கிட்டு இவ என்ன பொழப்பு பாக்கப் போறா? துணிமணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பச் சொல்லுங்க."

சமையல்கட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தது. அப்பாவின் கண் முழுக்கத் திரையில் இருந்தது. ரிப்பேர் பார்க்கிற திரை வந்து, அது நீலமாகியிருந்தது. அத்தை எழுத்துக்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கு என்கிற இடத்துக்குப் போய் அமுக்கினாள். மறுபடியும் அந்தப் பாழாய்ப் போன புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன. மாமாவின் அண்ணன் இன்னும் எவ்வளவு நேரம் என்றார். அப்பா சுவிட்ச் போர்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார், இனி யார் வந்தாலும் தொட விடமாட்டேன் என்பது மாதிரி. புள்ளிகள் ஒரு தரம் நின்றன. திரும்பவும் சுற்றின. அப்பா யாரிடமும் இல்லாமல் மெதுவாகச் சொன்னார்.

"பைப்புல காத்து வருது. தண்ணி வந்துரும்."

வந்துவிட்டது. எப்போதும் முதலில் வரும் பச்சைப் புல்வெளிப் படம் திரை முழுக்க விரிந்தது. அத்தை மூச்சை விட்டுவிட்டு ஃப்ளெக்ஸைத் திறந்தாள். தாய்மாமன்களும் பங்காளிகளும் ரோஜாப்பூக் குழந்தையும் ஒரு முடி கலையாமல் அப்படியே இருந்தார்கள். சித்தப்பா ஓடிவந்து எட்டிப் பார்த்தார். நான் ஊடே புகுந்து சீட்டாட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன், அதுவும் இருந்தது.

மாமாவின் அண்ணனும் குனிந்தார். எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். விழா வீட்டுக்கு அவரும் பங்காளி முறை. கடைசி வரிசையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, காதில் போனோடு அவருடைய தலை இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். பக்கத்துத் தலையை அளந்தார், தன் தலையை அளந்தார். வந்த காரியத்தை மறக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. தன்னைக் கொஞ்சம் பெரிதாகப் போடலாமே என்று அத்தையிடம் கேட்டே விட்டார்.

அத்தை மவுஸை மாட்டிக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அவர் முன்னால் அவள் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

"பெருசாப் போடுறேன் மச்சான். ஆனா நான் வரல."

சொல்லிவிட்டு அவர் தலையைப் பிடித்து இழுத்து இரண்டு மடங்காக்கினாள். அவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர், வேலை நடக்கிற இடத்தில் நமக்கு என்ன பேச்சு என்று சொல்லி எழுந்துகொண்டார். அம்மா அவர்களை விடவில்லை, இலை போட்டுச் சாப்பிட வைத்தாள். ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிடவில்லை, அதற்கு அப்புறமும் ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள். ஆனால் வந்த எவரும் அத்தையின் துணிமணியைப் பற்றிப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் சின்னத் தாய்மாமனின் போட்டோவும் சேர்ந்து, பென் டிரைவில் ஏறிய ஃப்ளெக்ஸ் சித்தப்பாவின் ஜீப்பில் கம்பத்துக்கு அச்சுக்குப் போனது. நான் சீட்டாட்டத்துக்காக நாற்காலியில் ஏறி உட்கார்ந்தபோது அம்மா என்னைக் கூப்பிட்டாள். பீரோவைத் திறந்து, அதில் எனக்கென்று இருந்த கீழ்த்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். என் பொம்மைகள், ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா, பாதியில் நின்ற தெர்மோகோல் எரிமலை எல்லாம் தரைக்கு வந்திருந்தன. இனி இந்தத் தட்டு அத்தைக்கு என்றாள். லீவுக்கு வந்தவர்களுக்கு எதற்குத் தட்டு என்று நான் சண்டைக்குப் போனேன். அம்மா தட்டைத் துடைத்துப் புதுப் பேப்பர் விரித்தாள். அதன் ஓரங்களை மடித்துவிட்டுத் தன் பட்டுச்சேலைக்குப் போடுகிற அந்துருண்டையில் இரண்டை எடுத்து மூலையில் வைத்தாள்.

அத்தை மடித்த சேலை ஒன்றைக் கொண்டுவந்து பீரோவுக்கு முன்னால் நின்றாள். அதை உள்ளே வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். அப்பா வாசல் வரைக்கும் வந்து பார்த்துவிட்டு, தோட்டத்தில் மோட்டாரை அணைக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். போயும் போயும் பீரோத் தட்டு ஒன்றுக்காக இரண்டு பெரியவர்கள் இப்படியா அழுவார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். எனக்காவது ஒரு காரணம் இருந்தது.