சந்தனத்துக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மராத்தி பேசும் ஊரான சாங்வியில் நாங்கள் வீடு கட்டிய வருஷம், என் கணவர் வேலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு கன்றுகளை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஒன்று சந்தனம், மற்றது செம்மரம். இரண்டுமே காட்டில் குறைந்துகொண்டு வருகின்றனவாம். நம் வீட்டிலாவது இருக்கட்டும் என்றார்.

சந்தனம் பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சித்தான் பிழைக்கும். அதற்காகவே துவரை நட்டோம். அதை முடித்துவிட்டு என் செம்பருத்தியில் கைவைத்தது. செம்மரம் யாரையும் எதிர்பார்க்காமல் வளர்ந்தது. முதலைத் தோல் மாதிரிப் பட்டை, அப்பளம் மாதிரித் தட்டைக் காய். அதை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்குச் சந்தனத்தின் மேல்தான் பிரியம். வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பேன். இது என்ன சாமி மரம் என்று தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகப் பெயரைச் சொன்னேன். புத்தி இருந்ததா எனக்கு?

பதினைந்து வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, பொட்டு வைக்கப் போன விரல் ஒரு துளைக்குள் நுழைந்தது. கீழே மரத்தூள். எடுத்து முகர்ந்தேன். நின்றுகொண்டிருந்தவரை மணக்காத மரம் அன்றுதான் மணத்தது.

கணவர் குனிந்து பார்த்தார். "வைரம் ஏறியிருக்கான்னு தொளபோட்டுப் பாத்திருக்கானுங்க. திரும்ப வருவானுங்க. என்ன சத்தம் கேட்டாலும் கதவத் தொறக்காத."

சொல்லிவிட்டு அவர் பிம்ப்ரி ஆலைக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் பத்து வயது மகளும். பொட்டை ஈரத் துணியால் அழித்தேன். அழித்தால் மறந்துவிடுவார்களா? வாசலில் பைக் நின்றால் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். மகளை மாடிக்குக்கூடத் தனியே விடவில்லை. எடுத்துக்கொண்டு போய்த் தொலையுங்கள், எங்களை விட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பினோம். அடிக்கட்டை மட்டும் இருந்தது. கணவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

செம்மரம் எட்டடி தள்ளிக் கீறல்கூட இல்லாமல் நின்றது. மகள் அதை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவள் போல அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, இது என்ன ஜாட்?" மரம் என்பதற்கு அவள் வாயில் மராத்திச் சொல்தான் வரும்.

கேட்டுக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"தெரியலடி," என்றேன்.