முப்பதுச் சூசையும் லாரி டர்போவும்

சித்தையன்கோட்டையில் வந்து வெறும் சூசை என்று கேட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. முப்பதுச் சூசை என்று கேட்டால் கைக்குழந்தைகூட வீட்டைக் காட்டும். முப்பது அவருடைய வயசு இல்லை, வயசு நாற்பத்தாறு. அவருடைய பழைய டீசல் பிக்கப்பில் ஸ்பீடு முள் முப்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. அதற்குமேல் இருக்கிற நம்பர்கள் எல்லாம் அழகுக்குப் போட்டது என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு தடவை போஸ்ட்மேன் சைக்கிளில் அவரை முந்திப் போய், திரும்பிப் பார்த்து மணி வேறு அடித்தார். சூசைக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. வழி விட்டார்.

மனிதருக்குப் பயம் என்பது சட்டையோடு சேர்த்துத் தைத்தது. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம், சர்ச்சில் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்கிற இரண்டாவது கேள்விக்குப் பயம். பிரம்புக்குப் பயந்து ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து போவது பிரம்பைவிடப் பயமாக இருந்ததால், தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். அவர் டிரைவரான கதை இவ்வளவுதான்.

தென்னந்தோப்புகளில் தேங்காய் ஏற்றித் திண்டுக்கல்லில் கொண்டுபோய் இறக்குவது தொழில். கிளீனர் வைத்துக்கொள்ளவில்லை. மனைவி வியாகுலம்மாள்தான் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். அவள் மடியில் எப்போதும் ஒரு வேலங்கட்டை இருக்கும். வண்டி மேட்டில் நின்றால் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அணை கொடுப்பது அவள் வேலை. தார் ரோட்டில் கட்டை வழுக்குகிறது என்று, தேய்ந்துபோன ரப்பர் செருப்பு ஒன்றை அதன் அடியில் வைத்து ஆணியும் அடித்திருந்தாள். கோயிலுக்குப் போகிற பெண்கள் ஜெபமாலை வைத்திருப்பார்கள், வியாகுலத்துக்குக் கட்டைதான் ஜெபமாலை என்று ஊரில் கேலி. அவள் கட்டையைத் தூக்கிக் காட்டுவாள். கேலி அத்தோடு நின்றுவிடும்.

இத்தனை பயத்திலும் சூசை யாரிடமும் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. அது ஒரு ரயில்வே கேட்டில் தொடங்கியது.

டவுனுக்குள் நுழைகிற குறுக்குப் பாதையில் அந்த கேட் இருக்கிறது. தண்டவாளம் மேட்டில் கிடக்கும். ரோடு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். தொண்ணூற்றேழாம் வருஷம் ஐப்பசி மழையில், முழு லோடோடு ஏறிய வண்டி சரியாகத் தண்டவாளத்தின்மேல் போய் மூச்சை நிறுத்தியது. கேட் ரூமில் மணி அடித்துவிட்டது. கேட்காரர் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வியாகுலம்மாள் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டையை வைத்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். சூசை மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். தூரத்தில் ரயில் கூவியது.

அப்போது அவருடைய வலது கால் அவரைக் கேட்காமலே பிரேக்கை விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே போய்விட்டது. வண்டி ஒரு சாண் பின்னால் வந்து கட்டையில் முட்டியது. பின்னால் வியாகுலம்மாள் “யேசுவே” என்றாள். அந்தக் குரலில் கால் திரும்ப உள்ளே வந்தது, என்ஜினும் பிடித்துக்கொண்டது, வண்டி ஏறிக் கடந்துவிட்டது. ரயில் போனபிறகு பார்த்தால் அவளுடைய ஆள்காட்டி விரல் நகம் நசுங்கி ரத்தம். கட்டை வழுக்கிடுச்சு போல என்று அவளே சொல்லித் துணியைச் சுற்றிக்கொண்டாள்.

நகம் அப்புறம் முளைக்கவே இல்லை. அந்த விரலால் அவள் சோறு போடும்போதெல்லாம் சூசை தட்டைப் பார்த்துக்கொள்வார். இன்னொரு தடவை அங்கே வண்டி நின்றால் தன் கால் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. ரயிலைவிட அந்தக் காலுக்குத்தான் பயந்தார். சாமியாரிடமும் சொல்லவில்லை.

வண்டி நிற்காமல் இருந்துவிட்டால் காலுக்கு வேலை வராது என்று யோசித்து யோசித்து, இரண்டு வருஷம் கழித்து மெக்கானிக் சேக் பரீதிடம் போனார். பரீதுக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும். பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். காயலான் கடையில், விபத்தில் நொறுங்கிய பத்துச் சக்கர லாரி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து டர்போவைக் கழற்றி வைத்திருந்தான். பார்க்க நத்தைக் கூடு மாதிரி, பெரிய பூசணிக்காய் அளவு.

“இது காத்துத் திங்கிற சாமான் மாமா. புகை சுத்திவிடும், இது காத்த இழுத்து என்ஜினுக்கு ஊட்டும். பத்துச் சக்கரத்த இழுத்தது, ஒங்க வண்டி இதுக்குப் பூனைக்குட்டி.”

“பூனைக்குட்டிக்கு எதுக்குப்பா இம்புட்டுப் பெரிய வாயி?”

“சின்னது கெடைக்கல மாமா.”

மூன்று நாள் வேலை நடந்தது. இருக்கிற இடத்தில் நத்தை உட்காரவில்லை. இரும்புத் தகடு வெட்டி, பைப்பை வளைத்து வெல்டிங் வைத்து, ஒருவழியாகத் தாழ்வாகச் சாய்த்துப் பொருத்தினான். நத்தையின் உள்ளே சுற்றுகிற தண்டுக்கு என்ஜின் எண்ணெய் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். ஏர் கிளீனர் வைக்க இடமில்லாததால் டர்போவின் வாய் திறந்தே மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தூசி போகாமலிருக்கப் பரீது அதன்மேல் கொசுவலைத் துண்டை இறுக்கிக் கட்டினான். வேலை முடிந்ததும் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். சாமான் பெருசு, மெதுவாகப் போனால் தூங்கிவிடும், மிதித்தால்தான் முழிக்கும், தினம் ஒரு தடவையாவது அறுபதுக்குப் போக வேண்டும்.

சூசை தலையை ஆட்டினார். அறுபதுக்கு அவர் தலை மட்டும்தான் ஆடியது, முள் போகவில்லை.

மூன்று வாரம் முப்பதிலேயே ஓட்டினார். முள் முப்பத்தைந்தைத் தொட்ட ஒரே நாளில் பானட்டுக்குள் ஏதோ மெல்லிசாக விசில் அடித்தது. உடனே காலை எடுத்துவிட்டார். டர்போ தூங்கியது. தூங்கினாலும் வாய் ஒழுகியது. காற்று அழுத்தம் இல்லாததால் எண்ணெய் தண்டு வழியாகக் கசிந்து, தாழ்ந்த பைப்பின் வளைவில் சேர்ந்துகொண்டே இருந்தது. எண்ணெய் குறைகிறதைச் சூசை பார்த்தார். சொன்னால் பரீது அறுபதில் ஓட்டிக் காட்டச் சொல்வானோ என்று பயந்து, சத்தமில்லாமல் அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றி வந்தார். பயந்தவர் செய்த தப்பு அது. துணிந்தவனுக்கு அந்தத் தப்பு வந்திருக்காது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மதியம். முழு லோடு தேங்காய். கேட் திறந்திருந்தது. வண்டி இரண்டாவது கியரில் மேட்டில் பாதி ஏறும்போது மணி அடித்தது. கேட்காரர் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார், தடுப்புக் கம்பி மெல்ல இறங்கியது. என்ஜின் திணறியது. வியாகுலம்மாள் பழக்கத்தில் கட்டையை எடுத்துக்கொண்டு கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள். சூசை அந்த விரலைப் பார்த்தார். வலது கால் பழையபடி கதவுப் பக்கம் நகர்ந்தது. அதை வெளியே போக விடக்கூடாது என்று ஆக்சிலேட்டரின்மேல் வைத்து, வாழ்நாளில் முதல்முறையாக முழுசாக மிதித்தார்.

டர்போ முழித்துக்கொண்டது.

முதலில் விசில், பிறகு ஊளை. யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்ததுபோல வண்டி பாய்ந்தது. தண்டவாளத்தில் சக்கரம் பட்டதா என்றே தெரியவில்லை. அந்தப் பக்கத்துக் கம்பி தலைக்குமேல் உரசிப் போனது. சூசை காலை எடுத்தார். வேகம் குறையவில்லை. இன்னும் ஏறியது. மூன்று வாரமாகச் சேர்ந்த எண்ணெயை டர்போ மொத்தமாக ஊதி உள்ளே தள்ள, என்ஜின் அதையே எரித்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இனி டீசலும் வேண்டாம், சூசையும் வேண்டாம்.

சாவியைத் திருப்பினார். நிற்கவில்லை. டீசலை அடைக்கிற ஸ்டாப்பர் கேபிளை இழுத்தார், அது கையோடு வந்துவிட்டது. கிளட்சை மிதித்தார், பாரம் விட்ட என்ஜின் இன்னும் கோரமாக அலறியது. பின்னால் வெள்ளைப் புகை ரோட்டையே மூடிவிட்டது. எதிரே கேட்டுக்காக ஒரு டவுன் பஸ் நின்றது. படியில் ஆட்கள், அவர்களைச் சுற்றிச் சைக்கிள்கள். சூசை இடது பக்கம் ஒடித்தார். வண்டி சரிவில் இறங்கி, கோழிக்கொண்டைப் பூத் தோட்டத்துக்குள் பாய்ந்து, வாய்க்காலில் மூக்கைக் குத்தி இடப்பக்கம் சாய்ந்து நின்றது. கியர் எப்போதோ விடுபட்டிருந்தது. வண்டி நின்றாலும் என்ஜின் நிற்கவில்லை. பானட் தெறித்துத் திறந்துகொண்டது.

சூசை குதித்து ஓடினார்.

பஸ்ஸிலிருந்தவர்களும் வெடிக்கப் போகுது என்று கத்திக்கொண்டு சிதறினார்கள். ஓட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் இருந்தவர் சூசைதான். பத்து அடி போயிருப்பார். பக்கத்தில் வியாகுலத்தின் மூச்சு கேட்கவில்லை. அவள் எப்போதும் பக்கத்தில்தான் இருப்பாள். திரும்பிப் பார்த்தார். பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த தேங்காய்கள் அவளை இடுப்புவரை புதைத்திருந்தன. அவள் பக்கத்துக் கதவு வாய்க்கால் கரையில் அழுந்திக் கிடந்தது. புகைக்குள்ளிருந்து அவள் கை மட்டும் நீண்டிருந்தது. அதில் கட்டை, கட்டையின்மேல் நகமில்லாத விரல்.

சூசையின் கால்கள் இப்போதும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் வண்டியைப் பார்த்து ஓடின.

“கட்டையப் பிடிங்க,” என்றாள் வியாகுலம்மாள். இருமல் வந்தது. “சக்கரத்துக்குப் போடுங்க.”

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். நிற்கிற வண்டிக்குக் கட்டை எதற்கு என்று கேட்கிற நிலையில் சூசையும் இல்லை. வாங்கிக்கொண்டு முன்பக்கம் வந்தார். அதிர்வில் பூக்கள் உதிர்ந்து பறந்துகொண்டிருந்தன. அவர் கண் முன்னால் ஒரு முழுக் கோழிக்கொண்டை டர்போவின் வாய்க்குள் போய் மறைந்தது. கொசுவலையை அது எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

காத்துத் திங்கிற சாமான்.

கட்டையைத் திருப்பினார். செருப்பு அடித்திருந்த பக்கத்தை அந்த வாயின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். ரப்பர் பளாரென்று ஒட்டிக்கொண்டது. வண்டி மொத்தமும் ஜன்னி கண்டதுபோல உதறியது. ஊளை இறங்கி முனகலானது, முனகல் விக்கலானது, பிறகு ஒன்றுமில்லை. அந்த அமைதியில் மேட்டின்மேல் ரயில் தடதடத்துப் போனது. சூசை கட்டையை விடவில்லை. விரல்கள் நிமிரவில்லை.

தோட்டக்காரி மாயக்காள் அரிவாளோடு வந்தாள். நாளைக்குக் கல்லறைக்கு வைக்க வேண்டிய பூவையெல்லாம் இன்றைக்கே மிதித்துவிட்டீர்களே, அவ்வளவு அவசரமா என்று திட்டிக்கொண்டே, அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொரு தேங்காயாக எடுத்து எறிந்து வியாகுலத்தை வெளியே இழுத்தாள். முழங்காலில் வீக்கம், வேறொன்றும் இல்லை. சாயங்காலம் சேக் பரீது வந்து, பைப்பைக் கழற்றி, மிச்ச எண்ணெயை ஒரு டப்பாவில் வடித்தான். டப்பாவைப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். மாமா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றான். பிறகு, நானும் அம்புட்டுப் பெரிய சாமானை மாட்டியிருக்கக் கூடாது என்றான். அன்றைக்குத்தான் அவன் பயந்து ஊரார் பார்த்தார்கள்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில், சூசையின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாயக்காள் கொடுத்தனுப்பிய பூ, பாதி நசுங்கியது. சூசை அதில் ஒன்றை எடுத்துக் கல்லறைமேல் வைத்தார்.

“அந்த மழ நாள்ல கட்டை வழுக்கல. நான் பிரேக்க விட்டுட்டேன். இறங்கி ஓடப் பாத்தேன்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“பிரேக்க விடாம வண்டி எப்படிங்க பின்னால வரும்? எத்தன வருசமா கட்ட போடுறேன்.”

சூசை அவள் பக்கம் திரும்பினார். பிறகு ஏன் கேட்கவில்லை என்று கேட்டார். கேட்டிருந்தால் நீங்கள் வண்டியைத் தொடவே பயந்திருப்பீர்கள், அப்புறம் கஞ்சிக்கு எங்கே போவது என்றாள். சொல்லிவிட்டு அணைந்த மெழுகுவர்த்தியைப் பக்கத்துத் தீயில் பற்றவைத்தாள்.

“நேத்தும் ஓடுனேன் வியாகுலம்.”

“பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். போறப்ப பத்து எட்டு வச்சீங்க.” அவள் மெழுகுவர்த்தியை நட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். “வாரப்ப ஆறுதான்.”