சத்தியசீலனின் பச்சை முகம்

மலேசியாவின் லுக்குட்டில் பேனர் கடை வைத்திருக்கும் சத்தியசீலனுக்குப் பொய் பிடிக்காது. உண்மையைச் சொல்லத்தான் நல்ல நேரம் வாய்ப்பதில்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் காதுகுத்தோ கருமாதியோ, அவருடைய பத்தடி இயந்திரம் அடித்துத் தந்தால்தான் ஊருக்குத் தெரியும்.

அந்த இயந்திரத்தில் மையைப் பீய்ச்சும் பாகத்துக்கு ஹெட் என்று பெயர். இயந்திரத்தின் உயிரே அதில்தான். போன வருடம் மலிவு மையை ஊற்றி ஒரு ஹெட்டைக் கொன்றார். மனைவி புஷ்பவள்ளி ஒரு கை வளையலைக் கழற்றிக் கொடுத்துப் புதியது வந்தது. சும்மா கொடுக்கவில்லை. மாரியம்மன் சந்நிதியில் நிறுத்திக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள்: இனிமேல் கம்பெனி மைதான்.

சத்தியம் நான்கு மாதம் தாங்கியது. பிறகு கைப்பேசியில் பாதி விலைக்கு ஒரு மை கண்ணடித்தது. வாங்கிக் கம்பெனிக் குப்பிக்குள் ஊற்றி வைத்தார். சத்தியம் குப்பிக்கா, உள்ளே இருப்பதற்கா என்று அம்மனிடம் அவர் விளக்கம் கேட்கவில்லை.

புதன்கிழமை தோட்டத்துக் கோயில் திருவிழாப் பேனர் வெளியே வந்தபோது சிவப்பைக் காணோம். அம்மன் மஞ்சள் சேலைக்கு மாறியிருந்தாள், அதையாவது சமாளிக்கலாம். கோயில் தலைவர் மணியம் மாங்காய் நிறத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கொடியேற்றம்.

"ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சியே வள்ளி, அதான் ஹெட்ல எறங்கிருச்சு."

புஷ்பவள்ளியின் முகம் வாடிப்போனது. மறு கை வளையலையும் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

சிரம்பானிலிருந்து மெக்கானிக் யோகேந்திரன் புது ஹெட்டோடு வந்தான். டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அக்கா வெச்ச பொட்டு மூடி மேலயே இருக்குண்ணே. உள்ள ஒண்ணும் போகல." வடிகட்டியைக் கழற்றினான். சிவப்பு மை தயிராய் உறைந்திருந்தது. "என்ன மை ஊத்துறீங்க?"

சத்தியசீலன் கம்பெனிக் குப்பியைக் காட்டினார்.

"அப்ப சரி, ஹெட்ட மட்டும் மாத்திர்றேன். வேற மை கலந்திருந்தா கொழாயெல்லாம் கழுவணும். கழுவாம மாட்டுனா வெள்ளிக்கெழமக்குள்ள இதுவும் காலியாயிரும்லா."

யோகேந்திரன் முதல் திருகைக் கழற்றினான். சத்தியசீலன் மேசைமேல் இருந்த வளையலைப் பார்த்தார். இரண்டாவது திருகு.

"தம்பி, கழுவிரு."

"ஏண்ணே, கம்பெனி மைதானே?"

"கம்பெனிதான். எந்தக் கம்பெனின்னுதான் தெரியல."

புஷ்பவள்ளி வளையலை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டாள். பிறகு கணவரின் கழுத்துச் சங்கிலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தானாகவே கொக்கியைத் தேடினார்.

"தம்பி, அந்தத் திருகத் திரும்ப முடுக்கு. பழைய ஹெட்ல ஒரே ஒரு படம் அடிக்கணும்," என்றாள் புஷ்பவள்ளி.

"எந்தப் படம்க்கா?"

"இந்த அண்ணனோட பொறந்தநாள் படம்."

வெள்ளிக்கிழமை அம்மன் சிவப்புச் சேலையில் வந்தாள். மணியமும் சொந்த நிறத்துக்குத் திரும்பினார். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கடை வாசலில் ஓரடி அகலத்துக்கு ஒரு பச்சை முகம் தொங்குகிறது.

"யாருக்கா இது?" என்று கேட்பவர்களுக்குப் புஷ்பவள்ளி, "திருஷ்டிக்குலா," என்கிறாள்.

அதன் கீழே குனிந்துதான் சத்தியசீலன் தினமும் கடைக்குள் நுழைகிறார். மையை இப்போதும் அவர்தான் ஊற்றுகிறார், புஷ்பவள்ளி குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கையில் கொடுத்த பிறகு.