தென்னூர் டிரான்ஸ்ஃபார்மருக்கு விதை எண்ணெய்

டிரான்ஸ்ஃபார்மருக்கு எண்ணெய் ஊற்றுகிறவனை ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அது வெடித்த அன்றைக்கு மட்டும் முதல் ஆளாகத் தேடுவார்கள். புதிதாக எதையாவது விற்க அலைந்து, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெருமுனையில் நிற்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் எண்ணெய் நிரம்பியிருக்கும். உள்ளே இருக்கும் சுருள் சூடேறாமல் பார்த்துக்கொள்வதும், மின்சாரம் போகக்கூடாத பக்கம் பாயாமல் தடுப்பதும் அதன் வேலை. நேற்று வரை அது பூமிக்கு அடியிலிருந்து எடுத்த எண்ணெய். இப்போது சோயா, சூரியகாந்தி மாதிரி விதைகளிலிருந்தும் எடுக்கிறார்கள். துவாக்குடியில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் முதலாளி இதில் இறங்கியபோது, வீட்டில் சும்மா கிடந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தொழில் தெரிந்தவர்கள் அவரிடம் நிறையப் பேர் இருந்தார்கள். வாய் உள்ளவன்தான் கிடைக்கவில்லை.

பஜ்ஜி போடலாமா?

பட்டறை வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் கமால் பாய். முதல் பீப்பாய் வந்து இறங்கிய அன்றே மோந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு, இதுல பஜ்ஜி போடலாமா?” என்று கேட்டார். கெட்டுப்போகாமலிருக்க மருந்தெல்லாம் கலந்திருக்கிறது, வாயில் வைக்காதீர்கள் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். அதோடு நிறுத்த என் நாக்கு சம்மதிக்கவில்லை. லால்குடிப் பக்கம் ஒருவர் இந்த எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுத் தின்றார், அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தால் தங்கப்பல் பளீரென்று எரிகிறது, பக்கத்து வீட்டார் அதில் பேப்பர் படிக்கிறார்கள் என்று எடுத்து விட்டேன்.

கமால் பாய் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “அவரைச் சாயங்காலமா நம்ம கடை வாசல்ல நிக்கச் சொல்லுங்க, டியூப்லைட் போயிடுச்சு.”

சுவருக்கு ஒட்டினாற்போல்

தென்னூரில் ஒரு சந்து. அதில் டாக்டர் மெஹருன்னிசா, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டினார். மெஷின்களுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதை வைக்க இருந்த ஒரே இடம் வார்டின் சுவரை ஒட்டிய சின்னச் சதுரம். பூமிக்கடியில் எடுக்கும் பழைய எண்ணெய் என்றால் தீ அபாயம், அங்கே வைக்கவே கூடாது என்று மின்சார இன்ஸ்பெக்டர் கையை விரித்துவிட்டார். விதை எண்ணெய் என்றால் அனுமதி உண்டு, ஆனால் தன் கண் முன்னால் சோதனையில் தேற வேண்டும் என்றார்.

டாக்டரைத் துவாக்குடிக்கு அழைத்து வந்து, இரண்டு எண்ணெயையும் தனித்தனியாக ஒரே அளவு சூடாக்கி, மேலே தீயைக் காட்டினோம். பழையது குப்பென்று பிடித்துக்கொண்டது. விதை எண்ணெய் கேட்காத மாதிரி இருந்தது. உற்சாகத்தில் நான் தங்கப்பல்காரரை ஆரம்பிக்க, டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “ஐயா, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஆளுங்க அசைய முடியாமப் படுத்திருப்பாங்க. இது தீப் பிடிக்குமா, பிடிக்காதா?” பிடிக்கவே பிடிக்காது என்று சொன்னால் அதுதான் கதை என்று எனக்கே தெரியும். “அவ்வளவு சுலபத்துல பிடிக்காதும்மா” என்றேன்.

டாக்டர் கிளம்ப எழுந்தார். “விக்க வந்தவர் ஒருத்தர் ‘அவ்வளவு சுலபத்துல’ன்னு சேர்த்துச் சொல்றதை இப்பத்தான் கேக்கறேன். ஊத்துங்க.”

மடி எண்ணெய்

ஸ்ரீரங்கத்தில் என் அடுத்த வீட்டுக்காரர் வரதாச்சாரி, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டது. உள்ளூரில் இடம் கிடைக்காமல் தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய்ச் சுத்திகரித்துக்கொண்டு வருவார். விடியுமுன் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகு, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேருவார். தென்னூர் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டு, அது எப்போது திறக்கும் என்று தினமும் என்னைத்தான் குடைவார். எண்ணெயைப் பற்றி ஒன்று விடாமல் கேட்டுவிட்டு, “மடியாக் காய்ச்சினதா ஓய்?” என்றார். “சுவாமி, உங்கள் மடிக்கு ஈர வேஷ்டி உசத்தி. இந்த எண்ணெய்க்கு ஈரம் பட்டாலே தீட்டு” என்றேன். இதில் கப்சா எதுவும் இல்லை, உண்மையிலேயே அதற்குத் தண்ணீர்தான் எதிரி.

சிரித்தார், சிரித்ததிலேயே மூச்சு வாங்கியது. “பஸ்ஸுல போயிட்டு வந்தா மறுநாள் பூரா எழுந்துக்க முடியலை ஓய். அது விளக்கெண்ணெயோ வேப்பெண்ணெயோ, சீக்கிரம் ஊத்தித் தொலையும்.”

அந்தோணியின் கை

ஊற்றினோம். சூடுபடுத்தி, ஈரத்தை உறிஞ்சி, பொறுமையாக ஏற்றி, ஊற வைத்தோம். திங்கட்கிழமை திறப்பு. வரதாச்சாரிக்கு முதல் நாள் முதல் கட்டில். சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். சோதனை எளிது: ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இரண்டு உலோகக் குமிழ்கள், நடுவே துளி இடைவெளி. அதில் எண்ணெயை ஊற்றி மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். எண்ணெய் தாக்குப்பிடிக்க வேண்டும். பாதி வழியில் பொறி பறந்தால் எண்ணெய் தோற்றது.

எங்கள் ஃபோர்மேன் அந்தோணி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஜாடியில் எண்ணெயைப் பிடித்து, உயரத் தூக்கி, கும்பகோணம் டிகிரி காபி ஆற்றுகிற மாதிரி ஒரு நீள் கோடாகக் கிண்ணத்தில் இறக்கினார். ஒரு சொட்டு சிந்தாது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் ஊற்றுவோம், அதில் எங்களுக்குப் போட்டியே உண்டு. பொத்தானை அழுத்தினார். ‘பட்’. ஏறத் தொடங்கியதுமே பொறி. இன்னொரு தடவை, இன்னும் உயரத் தூக்கி ஊற்றினார். அதைவிடச் சீக்கிரம் ‘பட்’. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். எண்ணெயில் ஈரம், திங்கட்கிழமையை மறந்துவிடுங்கள் என்றார். அந்தோணிக்கு முகம் செத்துவிட்டது. மூன்றாவதாக ஊற்றி வைத்திருந்த கிண்ணத்தை டாக்டர் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல காத்துக் குமிழ் நிக்குதே! எங்க ரத்தக் குழாயில இத்தனூண்டு குமிழ் வந்தாலே மெஷின் கத்தி நின்னுடும். அதை வச்சுக்கிட்டா டெஸ்ட் பண்றீங்க?”

சும்மா இருந்த நேரம்

பழைய எண்ணெய் தண்ணீர் மாதிரி. எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினாலும் குமிழ் மேலே ஓடிவிடும். விதை எண்ணெய் அதைவிடக் கெட்டி, குமிழை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்; பொறி அந்தக் குமிழ் வழியாகத்தான் பாய்ந்திருக்கிறது. பழகின கை செய்த வேலை. அந்தோணி இந்தத் தடவை கிண்ணத்தின் ஓரமாக, குழந்தைக்குப் பாலடையில் புகட்டுவதுபோல ஊற்றி மூடி வைத்தார். யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. எல்லாரும் சந்து முனைக்குப் போய் டீ குடித்தோம். இன்ஸ்பெக்டர் அவசரப்பட்டபோதெல்லாம் நான் ஒரு கதை சொன்னேன். முதலாளி என்னை எதற்கு வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. திரும்பி வந்து பொத்தானை அழுத்தினோம். முள் ஏறியது, இன்னும் ஏறியது, வேண்டிய அளவைத் தாண்டியும் ஏறியது. பொறியைக் காணோம். ஈரமும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுபடி மறுபடி பார்த்தும் அதே கதைதான். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம், வெயில் கொளுத்துகிறது, ஸ்ரீரங்கத்தில் வரதாச்சாரி ஆட்டோவிலிருந்து தானே இறங்கி, தானே என் வாசலுக்கு நடந்து வந்தார். யார் தோளையும் பிடிக்கவில்லை. என்ன சுவாமி, வீட்டுக்குப் போகாமல் இங்கே என்றேன். “ஆத்துக்காரி என்னைச் சாயங்காலம்தானே எதிர்பார்க்கறா, இன்னும் உலையே வச்சிருக்க மாட்டா. உம்ம ஆத்துல ஒரு பிடி தயிர்சாதம் இருக்குமா ஓய்?”

தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியே விதை எண்ணெயை நம்பி ஓடுகிறது என்று நான் இப்போது யாரிடம் சொன்னாலும், என்னைத் தெரிந்தவர்கள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, “சரி, அப்புறம்?” என்கிறார்கள்.