பத்து, பதினொன்று, பன்னிரண்டு

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் நானும் உம்மாவின் ராத்தா, அதாவது அக்கா, பெரியும்மாவும் இருந்தோம். மற்றதில் சாமான்கள் இருந்தன. வீட்டுத்திட்டத்து வீடுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், வயலைப் பார்த்தபடி வரிசையாக நிற்பவை. கல்முனையில் மனிதர்களைவிடச் சாமான்களுக்கு அதிக வசதி செய்துகொடுத்த வீடு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

பெரியும்மாவைக் குறை சொல்லவும் முடியாது. கடல் வந்த அன்று காலை உடுத்த சீலையோடு ஓடித் தப்பியவர் அவர். இடுப்பில் நான் இருந்தேன். வேறு எதையும் தூக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. எனக்கு அப்போது நாலு வயது. அன்று வாப்பா கடலோடு போனார். அடுத்த வருஷம் உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஒருவர் வரமாட்டார், மற்றவர் வருவார் என்ற வித்தியாசம் எனக்குப் பிடிபடக் கொஞ்சக் காலம் எடுத்தது.

அதற்குப் பிறகு பெரியும்மா எதையும் எறியவில்லை. நிவாரணத்தில் கிடைத்த கைபிடி உடைந்த வாளிகள், ஆறு நுளம்பு வலைகள், பனிக்காலத்துக் கோட்டு, ஒற்றைக் கால் சப்பாத்து எல்லாம் அந்த அறைக்குள் போயின. யாராவது கேட்டால், "ஒரு நாளையில கடல் எல்லாத்தையும் எடுத்த. இனி நானா ஒண்டையும் எறியமாட்டன்" என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே, அலுமாரியின் உச்சியில், ஒரு பெரிய சாக்கு இருந்தது. அறபு எழுத்து இருந்த சாமான்கள் அதற்குள் இருந்தன. பேரீச்சம்பழப் பெட்டி, கூடாரம் வந்த பை, உம்மா அனுப்பிய பார்சல்களின் மட்டைகள், கோப்பை சுற்றிவந்த பத்திரிகைத் தாள்கள். குர்ஆனின் எழுத்தல்லவா, காலடியில் போடலாமா? பெரியும்மா ஒவ்வொன்றையும் துடைத்து, முத்தமிட்டு, கண்ணில் ஒற்றி, சாக்குக்குள் வைப்பார். நானும் முத்தமிடுவேன். அவற்றில் மிக அழகான ஒன்றை, பொன்னிறக் கரைபோட்ட தடித்த கடதாசியை, கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல் கதவுக்கு மேலே மாட்டியிருந்தார். வெளியே போகும்போது அதைப் பார்த்து பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் போவோம்.

யுத்தம் முடிந்த வருஷம் உம்மா வந்தார். "உம்மா வந்துட்டா" என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். இரண்டு மாத லீவு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் இரண்டு இடத்தில் வேனை மறித்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். உள்ளே சாமான்கள் அடுக்கியிருந்த சீரைப் பார்த்துவிட்டு, ஒரு ராணுவக்காரர் தானே எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி மூடித் தந்தாராம். வேன்காரர் இதை வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார். ஒன்பது வயதில் எனக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்!

உம்மா வந்ததும் குளித்தார், தொழுதார், சாமான் அறையின் கதவைத் திறந்தார். கதவு பாதிதான் திறந்தது.

"இதுக்குள்ள ஆள் படுக்க ஏலாதா ராத்தா?"

"சாமான் இரிக்கில்ல புள்ள."

அடுத்த நாள் காலை உம்மா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது ஆருக்கு?"

"ஆருக்காச்சும் உதவும்" என்றார் பெரியும்மா.

"ஆருக்கு? பேரச் சொல்லுங்க."

பெரியும்மாவுக்குப் பேர் வரவில்லை. கோட்டுக்குப் பேர் இல்லை, ஒற்றைச் சப்பாத்துக்குப் பேர் இல்லை. பேர் இல்லாதவை வேலியோரம் போயின. பேர் உள்ளவை பாயில் ஏறின. மத்தியானத்துக்குள் பெரியும்மா மூன்று தரம் அழுதார், இரண்டு தரம் கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். இரண்டு தரமும், தான் இல்லாத நேரம் எதையாவது எறிந்துவிடுவார்களோ என்ற பயத்தில் உடனே திரும்பி வந்தார்.

கடைசியில் சாக்கு இறங்கியது. பெரியும்மா தொழுகைக்குப் போல கைகால் முகம் கழுவி ஒளு எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உம்மா ஒரு சிவப்பு மட்டையை எடுத்தார். விரலை வலமிருந்து இடமாக ஓட்டினார்.

"சவர்க்காரத் தூள். வெள்ளை உடுப்புக்கு மட்டும்."

நான் திகைத்துப்போனேன். மத்ரசாவில் குர்ஆனில் பாதிக்கு மேல் ஓதியிருந்தேன். எழுத்தைக் கண்டால் தடுக்காமல் ஓதிவிடுவேன். ஆனால் அந்த எழுத்துக்குள் சவர்க்காரத் தூள் இருக்கலாம் என்று எந்த லெப்பையும் எனக்குச் சொன்னதில்லை. எழுத்து வாய் திறந்து உம்மாவோடு கதைக்கிறது என்றுதான் தோன்றியது.

"அஸ்தஃபிருல்லாஹ்! வடிவாப் பாரு புள்ள."

"வடிவாத்தான் ராத்தா பாக்கன்."

"அப்ப இது?"

"வயித்துப் பொருமலுக்குக் குடிக்கிற மருந்து."

"இது?"

"கோழிக்கடை நோட்டீஸ். ரெண்டு வாங்கினா ஒண்டு சும்மா."

பெரியும்மா வாயில் கை வைத்தார். "யா அல்லாஹ்! நாலு வருஷமா கோழிக்கடைக்கா நான் முத்தம் குடுத்த?"

உம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிய அப்படியே முற்றத்தில் சாய்ந்துவிட்டார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம். போனில் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். பிறகு எழும்பி, கத்தரிக்கோலை எடுத்து, நோட்டீசின் மூலையில் இருந்த கடைக்காரரின் பேரை மட்டும் வெட்டி எடுத்தார். அப்துல்லாஹ் என்று இருந்ததாம், அல்லாஹ்வின் பேர் அதற்குள் இருக்கிறதாம். அப்படி வெட்டிய துண்டுகளை வெள்ளைத் துணியில் சேர்த்து, கால் படாத இடமாகப் பார்த்து மாமரத்தடியில் புதைத்தோம். அந்தப் பெரிய சாக்கில் இருந்து ஒரு கைப்பிடி அளவுதான் தேறியது.

"உம்மா, அப்ப குர்ஆனும் ஒங்களுக்கு விளங்குமா?" என்று கேட்டேன்.

"இல்ல மகள். அது அல்லாஹ்ட அறபு. எனக்குத் தெரிஞ்ச, சட்டி பானை கழுவுற குசினி அறபு."

நான் நம்பவில்லை. பெரிய ஆலிம்கள் இப்படித்தான் அடக்கமாகக் கதைப்பார்கள் என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்ததும் பெரியும்மா மெல்ல எழுந்து, வாசல் கதவுக்கு மேலிருந்த சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது. "இதையும் ஒருக்காச் சொல்லு பாப்பம்."

உம்மா மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பெரியும்மாவின் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒண்டும் ஆகாது. அப்புடி ஏதும் ஆனா அவங்கதான் பொறுப்பு எண்டு எழுதிரிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் பெரியும்மா. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, பழைய இடத்திலேயே மாட்டினார். அறபு படித்த பிறகு நானே ஒருநாள் ஏறிநின்று அதை எழுத்துக்கூட்டினேன். உடுப்புக் கழுவும் மெஷினுக்கான உத்தரவாதப் பத்திரம். உம்மா ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை.

பிறகு அடுக்கல் தொடங்கியது. பழைய பலகைப் பெட்டிகளை உடைத்துத் தட்டுகள் அடித்தார். பால்மாத் தகரங்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் தமிழில் பேர் எழுதி ஒட்டினார். சீனி, ஊசி நூல், கரண்ட் பில், பெரியும்மாவின் பிரஷர் குளிசை, என் பிறப்புப் பத்திரம். உடுப்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்காமல், வெட்டிய பாண் துண்டுகள் மாதிரி நிமிர்த்தி நிறுத்தினார். ஒன்றை உருவினால் மற்றது சரியவில்லை. நான் உருவி உருவிப் பார்த்தேன். இப்படி ஒரு வித்தைக்காரி எனக்கு உம்மாவாக இருந்ததை நினைத்துப் பயமாகக்கூட இருந்தது.

வேலை முடிந்ததும் பரீட்சை வைத்தார். என் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, "குளிசையை எடு" என்றார். எடுத்தேன். "கத்தரிக்கோல்." எடுத்தேன். பிறகு பெரியும்மாவின் முறை.

"எனக்கென்ன கண் போயிட்டா? விடு புள்ள, விளையாடாம."

"நான் இல்லாத நேரம் நீங்க ஒண்டையும் தேடித் திரியக்கூடாது ராத்தா."

பெரியும்மா துணியைத் தானே வாங்கித் தன் கண்ணைக் கட்டிக்கொண்டார். கேட்டதையெல்லாம் எடுத்தார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நான் கைதட்டினேன்.

வீடு முடிந்த பின் போன். உம்மாவிடம் படம் பிடிக்கிற போன் இருந்தது. என்னைப் படம் எடுக்கப் போனால், இடம் இல்லை என்று அது சொல்லிவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே முழுக்க ஒரே ஒரு பொடியன். கொழுத்த கன்னம், சுருட்டை முடி. சாப்பிடுகிறான், குளிக்கிறான், முதல் பல்லைக் காட்டுகிறான். எனக்கு அவனைத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் உம்மா போன் எடுக்கும்போதெல்லாம் பின்னால் நின்று அழுபவன் அவன்தான். அவன் அழுதால் உம்மா "பொறு மகள்" என்று வைத்துவிடுவார்.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன். அவருடைய கேள்வியை அவருக்கே திருப்பிக் கேட்டதில் எனக்கு வலு புழுகம், சந்தோசம் தாங்கவில்லை.

உம்மா போனை வாங்கிப் பார்த்தார். "ஆருக்கும் இல்லதான். அந்த வீட்டாக்கள் வேற நாட்டுக்குப் போயிட்டாங்க. இனி அவனக் காண ஏலா."

"அப்ப அழிங்க."

போனை என் கையில் தந்தார். "நீயே அழி."

அமத்தினேன், அமத்தினேன், அமத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு படமும் போகும்போது உம்மா குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் "பொறு" என்று என் விரலைப் பிடித்தார். அந்தப் பொடியன் நித்திரையில் இருந்தான். உம்மாவின் முந்தானை நுனி அவன் கைக்குள் இருந்தது.

"ஆருக்கு உம்மா?"

விரலை விட்டார். "அழி மகள்."

நாலு வருஷம் உம்மா குளிப்பாட்டி, சோறு தீத்தி வளர்த்த பிள்ளையை நான் கால் மணித்தியாலத்தில் துடைத்து முடித்தேன். அன்று வந்த சந்தோசத்துக்கு நான் இப்போது வெட்கப்படுகிறேன். அன்றென்றால் வெட்கமே இல்லை. அவன் தோற்றான், நான் வென்றேன், அவ்வளவுதான்.

அந்த இடம் முழுவதையும் உம்மா என்னால் நிரப்பினார். நான் பவுடர் பூசி வந்து நின்றால் எடுக்கமாட்டார். சோறு தின்னும்போது எடுப்பார், பின்னல் அவிழும்போது எடுப்பார். என் காது, என் கால், கொப்பியில் என் கையெழுத்து. இதையெல்லாம் யாராவது படம் பிடிப்பார்களா என்று நான் சிரித்தேன்.

அறையின் கடைசித் தட்டில் சிப் வைத்த மூன்று பிளாஸ்டிக் பைகள் இருந்தன. நிவாரணக் கம்பளி வந்த பைகள்தான், கழுவியெடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம் ஒட்டியிருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இரண்டு, பெருநாள் உடுப்பு ஒன்று, சப்பாத்து ஒரு சோடி. சட்டைகள் பைக்குப் பை நீண்டுகொண்டு போயின. பன்னிரண்டின் சப்பாத்துக்குள் என் கால் முழுதாகப் புகுந்து, பின்னால் இரண்டு விரல் இடம் இருந்தது. வரப்போகும் பெருநாளுக்கே உடுப்பில்லாத பிள்ளைகள் இருந்த ஊரில், அதற்குப் பிறகு வரும் பெருநாளின் உடுப்பு என் தட்டில் இருந்தது!

"பதிமூணு எங்க உம்மா?"

உம்மா சிப்பை இழுத்து மூடினார். "பதிமூணுக்கு நாம ரெண்டு பேரும் ஒண்டாக் கடைக்குப் போவம்."

ஒண்டா என்ற சொல்தான் எனக்குக் கேட்டது. அடுத்த நாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். "எங்கட உம்மா இனிப் போகமாட்டா. வந்து பாருங்க, வீட்ட எப்புடி அடுக்கிரிக்கா எண்டு. போற ஆக்கள் இப்புடி அடுக்குவாங்களா?"

பள்ளிக்கூடம் விட்டதும் ஐந்தாறு பேர் வந்தார்கள். தகரங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நிற்கிற சட்டைகளை உருவிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி வகுப்பில் எனக்குப் பின் வாங்கில் இருப்பவள். அவளுடைய உம்மா நெடுங்காலமாக சவூதியில் இருந்தார். எதற்கெடுத்தாலும் என்னோடு சண்டை பிடிப்பாள். அவள் மட்டும் மற்ற எதையும் பார்க்கவில்லை. கடைசித் தட்டின் முன்னால் நின்று அந்த மூன்று பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு இப்ப எத்தின வயசு?" என்று கேட்டாள்.

"ஒம்பது."

"எங்கட வீட்டயும் இப்புடிப் பை இரிக்கி" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உலகத்தில் என்னிடம் மட்டும் இருக்கிற சாமானுக்கு இவள் பங்குக்கு வருகிறாளே! "பொய் சொல்லாதடி" என்றேன்.

வேறு நாளென்றால் என் பின்னலைப் பிடித்திருப்பாள். அன்று சட்டைப் பைக்குள் கை விட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட புளிப்பு வெரளிக்காய்க் கடதாசிச் சரையை எடுத்து, பிரிக்காமலே என் கையில் வைத்தாள். சண்டையில் தோற்றதற்குத் தருகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்காமல், அவள் பார்த்திருக்கவே முழுவதையும் தின்று முடித்தேன்.