உப்பால் போட்ட கோடு

மேட்ச் நாள் காலையில் மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. எழுபதுகளின் நடுப்பகுதி. துறைமுகத் தொழிலாளர் அணிகளுக்கென்று அகில இந்திய ஃபுட்பால் லீக் ஆரம்பித்து அது இரண்டாவது வருடம். அன்று சாயங்காலம் டிரா செய்தாலே கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் எங்கள் ஸ்டீவடோரிங் கம்பெனியின் டீம் கடைசிச் சுற்றுக்குப் போய்விடும். நான் கப்பலடியில் மூட்டை எண்ணிக் குறிக்கும் டேலி கிளார்க். மைதான வேலையும் என் தலையில்.

எங்கள் சூப்பர்வைசர்தான் டீம் செகரட்டரி. "சுண்ணாம்பு இல்லன்னா என்னலே? உப்பளம் பூரா வெள்ளையாத்தான கெடக்கு. ரெண்டு மூடை அள்ளிப் போடு" என்றார்.

வானம் கறுத்திருந்தது. மழையில் உப்பு என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. சிபாரிசு அவர் கையில். வாயை மூடிக்கொண்டு போட்டேன்.

இடைவேளையில் தூறியது. கோடு மறைந்தது. ஆட்டம் தொடர்ந்தது.

ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிடம். எங்கள் ஃபுல்பேக் அந்தோணி எதிரணிக்காரனின் காலை வாரிவிட்டான். ஃபவுல் என்பதில் சந்தேகமில்லை. பாக்ஸுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் பெனால்டி.

"கோடு எங்கய்யா?" என்று ரெஃப்ரி என்னைக் கூப்பிட்டார்.

"வெளியதான் சார்! ஏலே, சொல்லுலே!" என்று செகரட்டரி கத்தினார்.

நான் முட்டி போட்டு, ஈர மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கூட்டம் சிரித்தது.

"அண்ணாச்சி, கொழம்புக்கு உப்பு காணுமா, பத்தாதா?"

அந்தத் தூறல் உப்பைக் கரைத்திருந்தது, கழுவிக்கொண்டு போகவில்லை. நகர்ந்து நகர்ந்து பார்த்ததில் கரிக்கிற இடம் கிடைத்தது. அந்தோணியின் பூட்ஸ் கிழித்த தடம் அதற்கு ஒரு முழம் உள்ளே.

"உள்ளதான் சார்" என்றேன்.

ரெஃப்ரி கோலிலிருந்து காலடி வைத்து எண்ணினார். சரியாக இருந்தது. பெனால்டி. கோல். தோற்றோம்.

செகரட்டரி என்னைத் துரோகி என்றார். அது எனக்கு உறைக்கவில்லை. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அந்தோணி கேட்டதுதான் உறைத்தது.

"நீ உள்ளதச் சொன்ன, சரி. கோடு தெரிஞ்சிருந்தா நான் அங்கன கால நீட்டியிருப்பேனாலே?"

இந்தக் கதையைச் சொல்லி என்னை நேர்மையானவன் என்கிறார்கள். மண்ணாங்கட்டி. நேர்மை தேவைப்பட்டது காலையில். "மழை வரும் சார், சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போய் வாங்கிட்டு வாரேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சைக்கிளில் அரை மணி நேரம். மேலே இருப்பவர் தப்பாகச் சொன்னால் அந்த நிமிடமே சொல்லுங்கள். பிறகு சொல்கிற உண்மைக்கு வேறு ஒருத்தன் விலை கொடுப்பான்.

அடுத்த வருடம் கோபம் ஆறிச் செகரட்டரியே சிபாரிசு செய்ய, எனக்கு வேலை நிரந்தரமானது. அந்தப் பெனால்டிக்காக அந்தோணியை டீமில் எடுக்கவில்லை.