பெரிய எழுத்தில் என் தங்கை

என் தங்கைக்குச் சிறுவயது முதலே வலிப்பு உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்குப் போகும் முன் கால் கழுவக் குளத்தில் இறங்கினாள். படியிலேயே வலிப்பு வந்துவிட்டது. பார்த்தவர்கள் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நடந்தது அவ்வளவுதான். தெருவே அறியும். அம்பாள் அழைத்துக்கொண்டாள் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பட்டணத்திலிருந்து வந்த பேப்பரில் வேறு மாதிரி இருந்தது.

அந்தப் பேப்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது எங்கள் பேப்பர். நான் ஐந்தாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவன். மற்ற பேப்பர்களில் ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் ஆரம்பம் எனக்கு மறந்துபோகும். இதில் அப்படி இல்லை. நாலே சொல்லில் ஒரு வாக்கியம், அதுவும் நாம் பேசுகிற சொற்கள். தலைப்பு தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே கண்ணில் படும். திடுக்கிடும், மர்மம், கதறல் என்று ஏதாவது ஒன்று அதில் கட்டாயம் இருக்கும். பார்த்துவிட்டால் உள்ளே புரட்டாமல் கை நிற்காது. டீக்கடையில் நான் உரக்கப் படிப்பேன். சுற்றிலும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். கடைக்காரர் பேப்பரோடு வரும் போஸ்டரைக் கயிற்றில் தொங்கவிட்டபடியே சொல்வார்: "செத்தது கெழவின்னா உள்பக்கம், கொமரின்னா மொத பக்கம். மூஞ்சி எப்டி இருந்தா இன்னா, செத்துட்டா எல்லாரும் அழகிதாம்பா."

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்று நான் போனபோது அவர் போஸ்டரைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார். "நீ இத்தப் பாக்க வாணாம்பா. வூட்டுக்குப் போ" என்றார். ஆனால் பேப்பர் எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

முதல் பக்கத்தில், சிவப்பு எழுத்தில், இரண்டு வரி: "குளத்தில் அழகி பிணம்! காதல் தோல்வியா?" கீழே அவள் படம். வாலாஜாபாத்திலிருந்து பெண் கேட்டவர்களுக்குக் காட்டுவதற்காக ஸ்டூடியோவில் எடுத்தது. எங்களிடம் இருந்த ஒரே படம். பேப்பருக்கு வேண்டும் என்று யாரோ சைக்கிளில் வந்து கேட்டபோது, அம்மாவே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அது திரும்பி வரவேயில்லை. செய்தியைப் படித்துப் பார்த்தால் ஊரும் வயதும் தவிர ஒன்றும் இல்லை. காதலும் இல்லை, காதலனும் இல்லை. மேலும் திடுக்கிடும் தகவல்கள் வெளியாகலாம் என்று முடித்திருந்தார்கள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவ்வளவு பெரிய எழுத்தை அவள் பார்த்ததெல்லாம் பங்குனி உத்திரத் திருவிழா நோட்டீஸில்தான். அதில் சுவாமி பெயர் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, சிவப்பாக இருக்கும். உபயதாரர்கள் பெயர் அடியில் சின்னதாக இருக்கும். பெரியவர்களுக்குப் பெரிய எழுத்து. அவள் அறிந்தது அது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தலைப்பையும் படத்தையும் சேர்த்துக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையால் ஒரு அட்டையில் ஒட்டி, இறந்தவளுக்காகக் கூடத்தில் ஏற்றியிருந்த விளக்கின் பக்கத்தில் வைத்திருந்தாள். குங்குமமும் பூவும் வைத்தாகிவிட்டது.

"பாத்தியாப்பா, எம்மாம் பெருசா போட்டுக்கிறாங்க! யாரு எவருன்னு தெரியாதவங்ககூட நம்ம பொண்ண மதிச்சிக்கிறாங்க. இன்னா போட்டுக்கிறாங்க, படி."

நான் படித்தேன். "அம்பாள் திருவடியில் சேர்ந்தாள்."

"அப்புறம்?"

"கோயிலுக்குப் போற வழியிலன்னு போட்டுக்குது."

"சரியாத்தான் போட்டுக்கிறான்" என்று தலையை ஆட்டினாள்.

விளக்கின் முன்னால் பொய் சொன்னது உறுத்தியது. ஆனால் அம்பாள் காமாட்சி அதைப் பொய்க்கணக்கில் எழுதியிருக்க மாட்டாள் என்று நம்புகிறேன். துக்கம் கேட்க வந்த பெண்களில் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த அட்டையைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அழுகிறார்கள் என்று நினைத்து அம்மா அவர்களைத் தேற்றுவாள்.

கருமாதி நெருங்கியது. "காரியம் முடிஞ்சதும் இத்த சாமி படத்தோட மாட்டணும். கண்ணாடி போட்டுக்கினு வா" என்றாள். தாமலிலிருந்து சொந்தக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வருவார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கண்ணில் படுவதையெல்லாம் உரக்கப் படிப்பார்கள். யாராவது ஒரு குழந்தை படித்துவிட்டால் அம்மா என்ன ஆவாள்?

திருவிழா நோட்டீஸ் அடிக்கிற அச்சாபீஸுக்குப் போனேன். அச்சுக் கோப்பவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "சாமி பேருக்குன்னு தனியா மர எழுத்து வெச்சிக்கிறேன். அதுலயே போட்டுத் தரேன்" என்றார். நான் அம்மாவிடம் முதலில் படித்ததையே ஒரே வரியாகச் சிவப்பில் அடித்துக் கொடுத்தார். பழைய தலைப்பின் மேல் அதை ஒட்டி, கண்ணாடி போட்டு எடுத்து வந்தேன்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"இது வேறப்பா."

"அதேதாம்மா."

"அதுல ரெண்டு வரி இருந்துது. தெனம் இதும் எதுருலதான குந்திக்கினு இருக்கறேன். எனக்குத் தெரியாதா?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அதுல அசிங்கமா போட்டிருந்தாங்களா?"

இந்த முறை எனக்குப் பொய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் அழவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாறு நாளும் ஆத்மா வூட்டுலதான் இருக்கும்னு சொல்லுவாங்க. எனுக்குத்தான் படிக்கத் தெரியாது. அவ எட்டாவது படிச்சவளாச்சேப்பா. இத்தினி நாளும் அத்தப் படிச்சிக்கினேல்ல இருந்திருப்பா?"

அம்மா கண்ணாடி போட்ட படத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அதை விளக்கின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதுபோலப் பேசினாள்.

"அவங்க போட்டது பொய்யி கண்ணு. அத்த மனசுல வெச்சிக்காத. அண்ணன் போயி சரியா எழுதி வாங்கிக்கினு வந்துக்கிறான் பாரு. இத்தப் படிம்மா."